மகிழ்வேணியின் பெயர்

அத்தியாயம் 14

திங்கள் முதல் வெள்ளி வரை வேல்விழி எப்படியோ ஓட்டிவிட்டாள்.

நான்கு மாதம் கழித்து மறுபடி வேலைக்குப் போன முதல் வாரம். பாலக்கரை பஸ் ஸ்டாப்பில் பூக்கட்டும் அம்மாள் மட்டும் விவரம் தெரியாமல், "பாத்து எவ்ளோ நாளாச்சு! இன்னா கொழந்தம்மா?" என்று கேட்டுவிட்டாள். "பொண்ணு" என்று சொல்லிவிட்டு வேல்விழி நடையை வேகமாக்கினாள். பொய் இல்லையே. பெண்தானே பிறந்தது.

பிறந்த அன்றே மூச்சுத் திணறி, ஆம்புலன்ஸில் புதுச்சேரிக்குக் கொண்டுபோன குழந்தை. கணவன் நந்தகுமாரும் மாமியார் கண்ணம்மாளும் கூடப் போனார்கள். ஆபரேஷன் மயக்கம் தெளியாத வேல்விழி விருத்தாசலத்திலேயே படுக்கையில் கிடந்தாள். ஒரு வாரம்கூட ஆகவில்லை, குழந்தையை வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்துவிட்டார்கள். முகத்தைக் காட்டினார்கள். கண் மூடியிருந்தது. தன் மகளை அவள் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

அதன் பிறகு வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. சென்னையில் வேலை பார்க்கும் கொழுந்தன் தமிழ்ச்செல்வனின் மனைவி சண்முகப்ரியாவுக்குப் போன மாதம் பெண் குழந்தை பிறந்திருந்தது. ப்ரியா கருவேப்பிலங்குறிச்சியில் தாய் வீட்டில் இருந்தாள். கண்ணம்மாள் அங்கேயும் இங்கேயுமாக அலைந்துகொண்டிருந்தாள். வேல்விழி இன்னும் போய் அந்தக் குழந்தையைப் பார்க்கவில்லை. வா என்று அவளை யாரும் கூப்பிடவும் இல்லை.

சனிக்கிழமை வந்தது.

சக்கரபாணியின் அச்சகத்தில் சனிக்கிழமை என்றால் டிக்‌ஷனரி நாள்.

அச்சகம் என்று சொன்னாலும் இடம் சின்னதுதான். முன்னறையில் மூன்று கம்ப்யூட்டர்கள், உள்ளே ஒரு டிஜிட்டல் மிஷின். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, செராமிக் கம்பெனிகளின் விலைப்பட்டியல், இவைதான் வேலை. கம்ப்யூட்டருக்குத் தெரிந்த தமிழ் கொஞ்சம். கருவேப்பிலங்குறிச்சி என்று அடித்தால் அடியில் சிவப்புக் கோடு போடும். கொளஞ்சிநாதன் என்றாலும் போடும். பீங்கான் சாமான்களின் பெயர் ஒன்றுகூட அதற்குத் தெரியாது. பக்கமெல்லாம் சிவப்பாக இருந்தால் உண்மையான பிழை கண்ணில் படாமல் போய்விடும். அதனால், இது சரியான சொல்தான் என்று அவரவர் கம்ப்யூட்டரில் சேர்த்துவைப்பார்கள். சனிக்கிழமை மதியம் எல்லாருடைய சொற்களையும் வேல்விழி ஒன்றாக்கி, மூன்றிலும் போட்டுவிடுவாள். ஒருவர் சேர்த்த பெயர் மற்ற இருவருக்கும் கிடைத்துவிடும்.

ஒரு முறை ஜெசி அவசரத்தில் 'அழைப்பிதழ்' என்பதை 'அழைப்பிதல்' என்று சேர்த்துவிட்டாள். அந்த வாரம் முழுக்க மூன்று கம்ப்யூட்டரும் அதைச் சரி என்றே சொல்லின. நல்லூர்க்காரர் ஒருவர் தன் மகள் கல்யாணப் பத்திரிகைக் கட்டைக் கொண்டுவந்து சக்கரபாணியின் மேஜையில் வீசிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. அன்றிலிருந்து, ஒரு சொல்லைச் சேர்ப்பதானாலும் எடுப்பதானாலும் வேல்விழியைக் கேட்க வேண்டும் என்று ஆகிவிட்டது.

ஜெசி வேல்விழிக்குப் பக்கத்து சீட்டுக்காரி. வயதில் சின்னவள், பேச்சில் பெரியவள். இந்த வாரம் மட்டும் அதிகம் பேசாமல் இருந்தாள். அன்று காலை அவள் உள்ளே கார்டுகளை மடித்துக்கொண்டிருந்தபோது சக்கரபாணி குரல் கொடுத்தார்.

"வேல்விழி, பிரஸ் நம்பருக்கு ஒரு மேட்டர் வந்துருக்குது பாரும்மா. பேரு வைக்கிற பத்திரிகை. சின்னதுதான், அடிச்சிடு."

அவள் வாட்ஸ்அப்பைத் திறந்தாள். கையால் எழுதி போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார்கள். எப்போதும் போல இடத்தையும் தேதியையும் முதலில் அடித்தாள். இடம்: கருவேப்பிலங்குறிச்சி. பெற்றோர்: தமிழ்ச்செல்வன் – சண்முகப்ரியா.

விரல்கள் நின்றன.

கொழுந்தன் குழந்தை. யாராவது ஒருவர் அடிக்கத்தானே வேண்டும்? தண்ணீர் பாட்டிலை எடுத்து ஒரு வாய் குடித்தாள். மறுபடி அடிக்க ஆரம்பித்தாள். எங்கள் செல்ல மகள்...

அடுத்த சொல்லை விரல்கள் தாமாக அடித்துவிட்டன. அதன் பிறகே கண் படித்தது.

மகிழ்வேணி.

அடியில் சிவப்புக் கோடு.

பெண்தான் பிறக்கும் என்று அவளும் நந்தகுமாரும் சேர்ந்து முன்கூட்டியே வைத்த பெயர் அது. வயிற்றில் ஆறு மாதம் இருக்கும்போது, மொட்டைமாடியில் துணி எடுக்கப் போன இடத்தில், அவன் 'மகிழ்' என்றான், அவள் 'வேணி' என்றாள். பிறக்கும் வரை வெளியே சொல்லக் கூடாது என்று கண்ணம்மாள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். ஆனாலும் வளைகாப்பில் வளையல் போட்ட மறுநாள் ஜெசியிடம் மட்டும் வேல்விழியால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஜெசி உடனே பெரிய எழுத்தில் அடித்துப் பார்த்தாள். சிவப்புக் கோடு விழுந்தது.

"பாருங்கக்கா, உங்க பொண்ணு பேர தப்புன்னு சொல்லுது. இரு, ஒனக்கு நான் சொல்லிக் குடுக்கறேன்" என்று கம்ப்யூட்டரைத் திட்டிக்கொண்டே சேர்த்தாள். தமிழில் ஒரு பெயரை மட்டும் சேர்த்தால் போதாது. மகிழ்வேணியை, மகிழ்வேணியின், மகிழ்வேணிக்கு என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சேர்க்க வேண்டும். எல்லாவற்றையும் ஜெசி சேர்த்தாள். "மஞ்ச நீராட்டுக்கும் நம்மளாண்டதான பத்திரிகை அடிப்பீங்க? இப்பவே ரெடியா இருக்கட்டும்." அந்தச் சனிக்கிழமை பெயர் மூன்று கம்ப்யூட்டருக்கும் போனது.

இப்போது சிவப்புக் கோடு எப்படி வந்தது?

வேல்விழி அடுத்த வரியை அடித்தாள். மகிழ்வேணிக்கு ஆசி கூற அன்புடன் அழைக்கிறோம். 'மகிழ்வேணிக்கு' என்ற சொல்லின் அடியில் கோடு விழவில்லை.

புரிந்துவிட்டது. யாரோ உட்கார்ந்து தேடித் தேடி எடுத்திருக்கிறார்கள். இது ஒன்று மட்டும் விட்டுப்போயிருக்கிறது.

"ஜெசி."

குரலைக் கேட்டதும் கார்டுகளை அப்படியே போட்டுவிட்டு ஜெசி வந்தாள். திரையைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"யாரு எடுத்தது?"

"அக்கா..."

"என்னக் கேக்காம யாரு எடுத்தது, ஜெசி?"

"உங்க வூட்டுக்காரருதான்க்கா வந்து கேட்டாரு. நீங்க வேலைக்கு வர்றதுக்கு முந்தின வாரம். உள்ள வாங்கண்ணான்னேன், வரல. வாசப்படியிலியே நின்னாரு. அந்தப் பேரு எதுலயாவது இருந்தா எடுத்துடும்மா, அவ பாக்க வேணாம்னாரு. சொல்லிட்டு உடனே பூட்டாரு. நான்தான் மூணு மிஷின்லயும் தேடி எடுத்தேன்." ஜெசி அழ ஆரம்பித்துவிட்டாள். "எடுக்கறப்ப கண்ணு கலங்கிகிட்டே இருந்துச்சுக்கா. அதான் ஒன்னு வுட்டுட்டேன் போல."

பிறகுதான் அவள் மற்ற வரிகளைப் படித்தாள். பெற்றோர் பெயரைப் படித்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மாதாவே! இது இன்னாக்கா? அந்தப் பேரயா வைக்கறாங்க?"

வேல்விழி தலையை மட்டும் ஆட்டினாள்.

"இப்பவே திரும்பச் சேர்த்துடறேன்க்கா." ஜெசி மவுஸை எடுக்கப் போனாள்.

வேல்விழி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாம். இப்ப சேர்த்தா அது எந்தக் கொழந்தைக்குன்னு சேர்ப்ப?"

பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். சக்கரபாணி போனில் பேசிக்கொண்டிருந்தார். வெளியே போய்விட்டு வருகிறேன் என்று கையைக் காட்டினாள். அவரும் தலையாட்டினார்.

"நான் இத மிஷின்ல ஓட்டாம நிறுத்தி வைக்கறேன்க்கா" என்று ஜெசி பின்னாலேயே வந்து சொன்னது காதில் விழுந்தது.

* * *

நந்தகுமார் வேலை செய்வது செராமிக் எஸ்டேட்டில். பீங்கான் ஃபியூஸ் கட்டைகளை வெள்ளைக் கரைசலில் முக்கி எடுத்துச் சூளைக்கு அனுப்பும் பிரிவு. வாட்ச்மேன் போய்ச் சொன்னதும் கையைக்கூடக் கழுவாமல் ஓடிவந்தான். முழங்கை வரை வெள்ளை காய்ந்து ஒட்டியிருந்தது.

"இன்னா வேலு? ஒடம்பு முடியலியா? தையல் வலிக்குதா?"

"மகி பேர எடுக்கச் சொன்னீங்களா?"

அவன் எந்தப் பேர் என்று கேட்கவில்லை. கம்பெனி கேட்டுக்கு வெளியே உடைந்த பீங்கான் கொட்டிக்கிடந்த இடத்துக்கு நடந்தான். அவளும் கூடப் போனாள்.

"ஒனக்காகத்தான் சொன்னேன். நாள்பூரா அந்த கம்ப்யூட்டர் முன்னாடிதான உக்காந்துருப்ப. திடீர்னு எதுலயாவது அந்தப் பேரு வந்துச்சின்னா ஒன்னால தாங்க முடியுமா?"

"அந்தப் பேரு வேற எங்கங்க இருக்குது?"

அவன் காலால் ஒரு பீங்கான் சில்லைத் தள்ளினான்.

"சொல்லுங்க. ஆஸ்பத்திரி சீட்டுல வேல்விழியின் பெண் குழந்தைன்னு போட்டுருந்துது. அதுக்கப்புறம் குடுத்த சர்ட்டிபிகேட்டுலயும் அப்டிதான். பேருங்கற எடத்துல ஒரு கோடு. அவளுக்குப் பேருன்னு ஒன்னு இருந்தது அந்த மூணு கம்ப்யூட்டர்லதான். அதயும் எடுத்துட்டீங்க."

நந்தகுமார் கையில் காய்ந்திருந்த வெள்ளையைச் சுரண்டிக்கொண்டே நின்றான். லோடு ஏற்றிய டெம்போ ஒன்று அவர்களைத் தாண்டிப் போனது.

"பொதைக்கறப்ப பேரு கேட்டாங்க, வேலு."

"யாரு?"

"அங்க எழுதறவரு. கொழந்த பேரு இன்னான்னாரு. எனக்கு வாய் வரைக்கும் வந்துடுச்சு. சொன்னா, செத்தவங்க பேருன்னு எழுதிடுவாரே. அந்தப் பேரப் போயி அதுல எழுதறதா? இன்னும் பேரு வைக்கலீங்கன்னு சொல்லிட்டேன்." அவன் தன் கைகளைப் பார்த்தான். "எம் பொண்ணுக்குப் பேரு வைக்கலன்னு நானே சொல்லிட்டேன். தெனம் இதே கையால முக்கி முக்கி எடுக்கறப்பலாம் அதான் ஓடுது."

வேல்விழிக்கு இது தெரியாது. இத்தனை நாளும் அவன் எல்லாவற்றையும் மறந்துவிட்டான் என்றே நினைத்திருந்தாள். அவன் மேல் இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவனுடைய சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெள்ளைப் பொடி அவள் விரலிலும் ஒட்டியது.

பிறகு கேட்டாள். "ப்ரியா கொழந்தைக்கு அந்தப் பேரதான் வைக்கறாங்க. தெரியுமா?"

"வியாழக்கெழம அம்மா சொல்லுச்சு."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"ஒன்னும் சொல்லல. அம்மா அவ்ளோ ஆசையா சொல்லுச்சு. வேணாம்னு சொல்ல வாய் வரல."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம் இல்ல?"

விரலில் ஒட்டிய வெள்ளையை அவள் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"கையக் கழுவிட்டு வண்டிய எடுங்க. கருவேப்பிலங்குறிச்சிக்குப் போவணும்."

"இப்பவா? வேலு, அங்க போயி சண்ட எதுவும்..."

"வண்டிய எடுங்க."

* * *

கருவேப்பிலங்குறிச்சியில் ப்ரியாவின் அம்மா அம்புஜவல்லி வாசலில் மல்லாட்டைக் கடலையைக் காயவைத்துக்கொண்டிருந்தாள். வண்டியிலிருந்து இறங்கியவளைப் பார்த்ததும் அவள் முகம் ஒரு கணம் சுருங்கியது. உடனே சரிசெய்துகொண்டாள்.

"வாம்மா வேலு. வாங்க தம்பி."

அவள் முகம் ஏன் சுருங்கியது என்று வேல்விழிக்குத் தெரியும். பிள்ளையைப் பறிகொடுத்தவள், பச்சைக் குழந்தை இருக்கும் வீட்டுக்குள் வருகிறாள். ஒன்றும் சொல்லாமல் படியேறினாள்.

உள்ளேயிருந்து கண்ணம்மாளின் குரல் கேட்டது.

"மகி... மகிழ்வேணி... ஏன்டி கண்ணு, தூங்க மாட்டியா? யாரப் பாக்கற நீ? மகிழ்வேணி..."

நடையிலேயே வேல்விழியின் கால் நின்றுவிட்டது. அந்தப் பெயரைச் சொல்லி யாரும் யாரையும் கூப்பிட்டு இதுவரை அவள் கேட்டதில்லை.

புடவைத் தூளியை ஆட்டிக்கொண்டிருந்த கண்ணம்மாள் நிமிர்ந்தாள். மருமகளைப் பார்த்தாள். ஆட்டிய கை அப்படியே நின்றது.

"அக்கா!" கட்டிலில் படுத்திருந்த ப்ரியா தடுமாறி எழுந்தாள். அவள் முகத்தில் உண்மையான சந்தோஷம் இருந்தது. "வாங்கக்கா. எத்தினி நாளா உங்கள எதிர்பாத்துகிட்டிருக்கேன் தெரியுமா? போன் பண்றேன்னேன், அத்ததான் வேணாம், உங்களுக்கு மனசு கஷ்டமா இருக்கும்னாங்க. பேரு கேட்டீங்களாக்கா? அத்த சொன்ன பேருதான். கேட்ட ஒடனே எங்க ரெண்டு பேருக்கும் புடிச்சிப் போச்சு. நல்லா இருக்குதில்ல?"

"நல்லா இருக்குது ப்ரியா" என்றாள் வேல்விழி. "நானும் அவரும் சேர்ந்து வச்ச பேரு."

ப்ரியாவுக்கு முதலில் புரியவில்லை. வேல்விழியைப் பார்த்தாள், வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற நந்தகுமாரைப் பார்த்தாள். பிறகு மெதுவாக மாமியார் பக்கம் திரும்பினாள்.

"அத்தே?"

கண்ணம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எங்கிட்ட சொல்லவே இல்லியே அத்தே. அவருகிட்டயும் சொல்லல. அது... அந்தக் கொழந்த பேரா?"

உள்ளே வந்த அம்புஜவல்லிக்குப் பொறுக்கவில்லை. "இன்னா சம்மந்தி இது! செத்த புள்ள பேரயா எம் பேத்திக்கு..."

"யம்மா, நீ சும்மா இரு!" ப்ரியா கத்தினாள்.

"செத்த புள்ளன்னு சொல்லாதீங்க சம்மந்தி." கண்ணம்மாளின் குரல் ஏறவே இல்லை. தூளியின் புடவையைக் கையில் சுருட்டிப் பிடித்திருந்தாள். "நீங்க பாக்கல. நான் பாத்தேன். உசுரோட பாத்தேன்."

அவளே சொன்னாள்.

"அங்க கண்ணாடிப் பொட்டிக்குள்ள வச்சிருந்தாங்க. ஒரு நேரத்துல ஒருத்தரதான் உள்ள வுடுவாங்க. நந்தா உள்ள வர மாட்டேன்னுட்டான். வெளிய செவுத்துல சாஞ்சிகிட்டு அழுதுகிட்டே கெடந்தான். நான்தான் போவேன். அங்க இருந்த நர்ஸு, சும்மா நிக்காதம்மா, பேசு, கொழந்தைக்குக் கேக்கும்னுச்சு. இன்னா பேசறது? எனக்குத் தெரிஞ்சது அது பேருதான். கூப்ட்டேன். போறப்பலாம் கூப்ட்டேன். மகிழ்வேணி, நான் ஒன் ஆயா வந்துருக்கேன்டி, மகிழ்வேணின்னு."

புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்தப் பேரு என் வாயிலியே நின்னுபோச்சு வேலு. வூட்ல சொல்ல முடியுமா? நீ எதிர்ல இருப்ப. நந்தா இருப்பான். மென்னு முழுங்கிகிட்டு கெடந்தேன். இங்க வந்து இவளத் தூக்குனதும் அதான் வந்துச்சு. வேற பேரு வரல. ஒரு நாளாவது அந்தப் பேர சொல்லி ஒரு புள்ளயக் கூப்டணும்னு இருந்துச்சு. தப்புதான். ஒன்னக் கேட்டிருக்கணும்."

வேல்விழி சண்டை போடத்தான் வந்தாள். வண்டியில் வரும்போது ஒவ்வொரு வார்த்தையாகக் கோத்துவைத்திருந்தாள். ஆனால் இப்போது வாயில் வந்தது வேறு.

"கூப்ட்டப்ப... பாத்தாளா அத்தே?"

கண்ணம்மாள் திகைத்தாள். "ஒனக்குச் சொல்லலியா நானு?"

"எங்கிட்ட யாரும் எதுவும் சொல்லல."

கண்ணம்மாள் தூளியை விட்டுவிட்டு எழுந்து வந்தாள். மருமகளின் எதிரில் வந்து நின்றாள்.

"ஒரு தடவ பாத்தா. ரெண்டாம் நாளு. நான் கூப்ட்டேன், ரெண்டு கண்ணையும் தொறந்துட்டா. ஒன்ன மாதிரியே பெரிய கண்ணு வேலு. நல்ல கறுப்பு. சத்தம் எங்கேந்து வருதுன்னு தேடுனா. இந்தப் பக்கம், அந்தப் பக்கம்... அப்புறம் என்னப் பாத்து நின்னுச்சு அந்தக் கண்ணு. கொஞ்ச நேரந்தான். அப்புறம் மூடிக்கிச்சு."

வேல்விழி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தையல் போட்ட இடம் இழுத்தது. அவளுக்கு அது உறைக்கவில்லை.

"இன்னொரு தடவ சொல்லுங்க அத்தே."

கண்ணம்மாளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். மறுபடி முதலிலிருந்து சொன்னாள். கண்ணாடிப் பெட்டி, நர்ஸு, கூப்பிட்டது, கண் திறந்தது. வாசலில் நின்ற நந்தகுமார் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். அவனுக்கும் இது புதிது. அவன் உள்ளே போகவே இல்லையே.

சொல்லி முடித்ததும் இரண்டு பெண்களும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து அழுதார்கள். வீட்டில் நான்கு மாதமாக ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் அழுத அழுகை அது. மல்லாட்டைக் கையோடு நின்றிருந்த அம்புஜவல்லிகூட முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

வேல்விழிதான் முதலில் நிமிர்ந்தாள்.

"அத்தே, அந்தப் பேரக் கேட்டு ஒருத்தி கண்ணத் தொறந்துட்டா. அது அவளுக்கே இருக்கட்டும்ங்க."

கண்ணம்மாள் தூளியைப் பார்த்தாள்.

"சரி" என்றாள். "அப்ப நான் இனிமே யாரக் கூப்டறது?"

"வூட்ல எங்கிட்ட சொல்லுங்க. அவ பேர சொல்லியே பேசுங்க. நான் எதிர்ல இருந்தாலும் பேசுங்க. எனக்குக் கேக்கணும்."

ப்ரியா வந்து இருவருக்கும் பக்கத்தில் குந்தினாள். "அக்கா, நான் அவருகிட்ட சொல்லிடறேன். இவளுக்கு வேற பேரு பாத்துக்கறோம். எனக்கு ஒரு வருத்தமும் இல்லக்கா. தெரிஞ்சிருந்தா இப்டி ஆயிருக்குமா?"

அந்த நேரம் தூளியில் குழந்தை அழுதது. ப்ரியா எடுத்து மார்பில் போட்டுக்கொண்டாள். பிறகு தயங்கியபடி வேல்விழியைப் பார்த்தாள். குழந்தையைக் கொஞ்சம் முன்னே நீட்டினாள்.

வேல்விழி அந்தச் சின்னத் தலையைப் பார்த்தாள். கையைத் தூக்கினாள். பாதியிலேயே மடியில் போட்டுக்கொண்டாள்.

"இன்னிக்கு முடியாது ப்ரியா. கோச்சிக்காத."

"இல்லக்கா" என்று ப்ரியா குழந்தையை அணைத்துக்கொண்டாள்.

வேல்விழி வாசலுக்கு வந்து காற்றில் நின்றபோது போன் அடித்தது. ஜெசி. மூச்சு வாங்கிக்கொண்டு பேசினாள்.

"அக்கா, தப்பு நடந்துபோச்சுக்கா. நான் மணவாளநல்லூர் பார்ட்டிக்குக் கார்டு குடுக்கப் போயிட்டேன். ஓனருகிட்ட விவரம் சொல்லல, எப்டி சொல்றதுன்னு தெரியல. நீங்க அடிச்சு வச்சிருந்தத அவரே எடுத்து உங்க கொழுந்தனாருக்கு அனுப்பியிருக்காரு. சென்னையிலேந்து அவரும் ஓகேன்னுட்டாரு. நான் திரும்பி வர்றதுக்குள்ள மிஷின்ல ஓட்டிட்டாரு. எல்லாம் முடிஞ்சிடுச்சுக்கா."

"எல்லாமா?"

"எல்லாம். மஞ்சக் கார்டுல, பேரு நடுவுல பெருசா... நல்லா வந்துருக்குதுக்கா." சொல்லும்போதே ஜெசி அழுதாள். "இன்னா பண்ணட்டும்? கிழிச்சிப் போட்ரட்டுமா?"

வேல்விழி கண்ணை மூடிக்கொண்டாள். அவள் மகளின் பெயர் முதல் முறையாக அச்சில் வந்திருக்கிறது. வேறொரு குழந்தையின் பெயராக.

"கிழிக்காத ஜெசி."

"அப்ப?"

"தெரியல. யாரையும் தொட விடாத. நான் வரேன்."

போனை வைப்பதற்குள் ப்ரியா ஒரு கையில் குழந்தையும் மறு கையில் போனுமாக வாசலுக்கு ஓடிவந்தாள். "அக்கா, பிரஸ்லேந்து வந்த பத்திரிகைய அவரு அப்டியே சொந்தக்காரங்க குரூப்புல போட்டுட்டாராம். இப்பதான் சொல்றாரு. பேர மாத்தணும்னா கோச்சிக்கறாரு. அத்தன பேருக்கும் இன்னான்னு சொல்றதுங்கறாரு. அவருக்கு விவரம் தெரியாதுக்கா, நான் சொல்லிப் புரிய வைக்கறேன்..."

அவளுக்குப் பின்னால் கண்ணம்மாள் வந்து நின்றாள். அவள் எல்லாவற்றையும் கேட்டிருக்க வேண்டும்.

"வேலு, அந்தக் கார்டுல ஒன்னு எனக்கு எடுத்துட்டு வரியா?"

"அதுல அப்பா அம்மா பேரு நாங்க இல்லீங்களே அத்தே."

"தெரியும்" என்றாள் கண்ணம்மாள். "அந்த எடத்த வெரலால மூடிக்கறேன்."

நந்தகுமார் வண்டியில் சாவியைப் போட்டான். ஸ்டார்ட் செய்யவில்லை.

வேல்விழியின் கையிலிருந்த போன் ஒலித்தது. குடும்ப குரூப். நல்லூர்ச் சித்தப்பா எழுதியிருந்தார்: 'கொழந்த மகிழ்வேணி நூறு வயசு நல்லா இருக்கணும்.' அது திரையில் இருக்கும்போதே இன்னொன்று வந்தது. அத்தை ஒருத்தி, பிறகு பெரியப்பா மகன், பிறகு முகம்கூட நினைவில்லாத யாரோ. மகிழ்வேணி வாழ்க, மகிழ்வேணி நல்லா படிக்கணும், மகிழ்வேணிக் குட்டிக்கு முத்தங்கள்.

"ஆஃப் பண்ணிடு வேலு" என்றான் நந்தகுமார் மெல்ல.

அவள் பண்ணவில்லை. போன் திரை மேல் வெயில் படாமல் கையைக் குவித்துப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொன்றாக, ஒரு வரி விடாமல் படித்துக்கொண்டிருந்தாள்.